நுரைக்குள் கால்மணி நேரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அனைத்துலக மக்களுக்கும், அவர்களில் சிறப்பாக உனக்கும், பெருமிதத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: நம் மாமாவின் வாட்டர் வாஷ் கடையில் நெடுங்காலம் அரும்பணியாற்றிய பச்சை வாளி, அடிப்பாகத்தில் ஏற்பட்ட விரிசல் காரணமாக நேற்று மாலை ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் சிவப்பு வாளி பதவியேற்றது. விழாவில் மாமாவும், நானும், பக்கத்து டயர் கடைக்காரரும் கலந்துகொண்டோம். வாடிக்கையாளர்கள் கலந்துகொள்ளவில்லை. வந்தால்தானே கலந்துகொள்வதற்கு.

வாளியைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? நர்சுப் பயிற்சியில் ஊசி போட விட்டார்களா, இல்லை இன்னும் படுக்கை விரிப்பு மடிப்பதோடு சரியா? உன் போனை விடுதி வார்டன் பூட்டி வைத்திருக்கிறார். முதல்வர் குரலில் பள்ளிக்கூட மைக்கில் விடுமுறை அறிவித்த குற்றத்துக்காக என் போனை மாமா பூட்டி வைத்திருக்கிறார். ஆகவே நம் இருவருக்கும் தபால்காரரே கதி.

இனி விஷயம். போன வாரம் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஒரு தடவ வந்தவங்க மறுபடி வரலேன்னா, சாவிய பின்பக்கத்து ஃபர்னிச்சர் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டு லாரி ஓட்டப் போயிடுவேன்." அந்த ஃபர்னிச்சர்காரருக்கு நம் கொட்டகையில் கட்டில், பீரோ அடுக்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாத நாள் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

நோய் எங்கே என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். நோய் மாமாதான். கார் வந்ததும் தண்ணீர் பீய்ச்சுகிறார், ஷாம்பு நுரை அடித்து மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக மூடுகிறார். அப்புறம், "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு டயர் கடைக்குப் போய்விடுகிறார். அங்கே டீ. டீயோடு உலக விவகாரம். கால்மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறார். அதுவரை கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே கிடக்கிறார். காரை ஊறப்போடலாம், காருக்குள் இருப்பவரையுமா சேர்த்து ஊறப்போடுவது? கேட்டால், "அவங்கதான் இறங்க மாட்டேங்குறாங்க, மாப்ளே" என்கிறார். காத்திருப்போர் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுகிறது, அதனால்தான் இறங்குவதில்லை என்பது என் துணிபு.

தவறாமல் வருகிறவர்கள் மூன்றே பேர். ஒரு பல் டாக்டர், ஒரு தலைமையாசிரியை, இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தர். பாவம், வேறு கடை தெரியாதவர்கள்போல.

கவலைப்படாதே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நம் குடும்பத்தில் அந்த உறுப்பு யாருக்குப் பெரிது என்று ஊருக்கே தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
விளம்பர நிர்வாகி (சம்பளம் கிடையாது)

*

ஜூன் 14

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். உன் நலத்தைவிட, உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களின் நலம் அறியவே ஆவல்.

படுக்கை விரிப்பில்தான் இருக்கிறேன். சுருக்கம் தெரிந்தால் வார்டன் உருவிப் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்கிறார். ஒரு நாள் கண்ணை மூடினால்கூட வெள்ளையாகத்தான் தெரிந்தது.

கடை விஷயத்தை நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோபாவில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தாலே மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அவர் எப்படி நாள் கணக்கில் லாரி ஓட்டுவார்? மாமா இல்லாத வீட்டில் அத்தை யாரைத் திட்டுவார்?

ஒன்றை மட்டும் நினைவில் வை. புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதாதே. வந்தவர்கள் மறுபடி வந்தார்களா, அதை எழுது.

மாமாவை டீ குடிக்க விடு. பாவம் மனுஷன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே நலத்துக்குப் பஞ்சமில்லை. டயர் கடைக்காரருக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை, துணைக்கு ஆளில்லாமல் தனியாக டீ குடிக்கிறார். ஆமாம், மாமாவின் டீயை ஒழித்துவிட்டேன். இப்போது நுரை அடித்த கையோடு தேய்த்து, கழுவி, துடைத்து அனுப்பிவிட வேண்டியதுதான். மாமா காரைக் கழுவுகிறார், மாமா மெதுவாகக் கழுவினால் நான் மாமாவைக் கழுவி ஊற்றுகிறேன். "உங்கம்மாவே என்னை இப்படி விரட்டினதில்லடா" என்று மூச்சு வாங்குகிறார்.

இது வெறும் முன்னுரை. என் உண்மையான சாதனை, நுரை எழுத்து! முன்கண்ணாடி நுரையில் விரலால் ஏதாவது எழுதினால், உள்ளே இருப்பவருக்கு அது இடம் வலமாகத்தானே தெரியும்? ஆகவே நான் தலைகீழாக யோசித்து, கண்ணாடி பிம்பம்போல எழுதப் பழகிவிட்டேன். 'ழ' மட்டும் இன்னும் சண்டித்தனம் செய்கிறது.

தலைமையாசிரியை காருக்கு, "உள்ளேன் அம்மா!" என்று எழுதி, கண்ணாடியில் தட்டிக் காட்டினேன். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பல் டாக்டருக்கு, "வாயைத் திறங்க, வலிக்காது." அவர் சீட்டைச் சாய்த்துத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். கூச்ச சுபாவம். இரட்டையர் அம்மா தனியாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் நுரையில் ஒரு ஓட்டை போட்டு, அதில் கண்ணை வைத்து, "ருசி எப்படிங்க?" என்று கேட்டேன். ஆடிப்போய்விட்டார், அத்தனை ஆச்சரியம்.

வாடிக்கையாளரோடு இப்படி உறவாடுகிற கடை உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்?

தலைவலிக்குத் தைலம் தடவிக்கொள். (உனக்குத் தலைவலி இருப்பதாக நீ எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பிறகு வரலாம்.)

இப்படிக்கு,
நுரைக்கலைச் செம்மல்

*

ஜூலை 10

அன்புள்ள வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தைலம் வாங்கிவிட்டேன்.

நீ எழுதியதை அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன். பன் வரைக்கும் சிரித்தாள். அதற்குப் பிறகு, "அந்தம்மா மறுபடி வந்தாங்களா?" என்று கேட்டாள். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பதில் இல்லை.

தலைமையாசிரியை மறுபடி வந்தாரா? பல் டாக்டர்?

கண்ணில் ஷாம்பு படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுவது. நாங்கள் சுகமோ சுகம். எழுதக்கூட நேரமில்லை, அவ்வளவு கூட்டம்!

போன வாரம் முழுக்க நம் கடையில் 'நுரை வாரம்'. தெருமுனையில் நின்று ஒலிபெருக்கியில் நானே கூவினேன். "அழுக்கு உங்களுடையது, வழுக்கு எங்களுடையது! வாங்க, வாங்க, கழுவிட்டுப் போங்க!" சிவப்பு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு நடனமும் உண்டு. வாளிக்குள் ஒன்றும் தெரியாததால் அது அஞ்சல் பெட்டி மேல் மோதி முடிந்தது. கூட்டம் அதைத்தான் இன்னொரு தடவை ஆடச் சொன்னது. கொட்டகை நிறைய நுரை, நுரை நிறையக் குழந்தைகள். ஒரு குழந்தையை அதன் அம்மா கால் பிடித்து இழுத்தபோது, வந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளை.

அட்டையும் அடித்துவிட்டேன். ஐந்து தடவை வந்தால் ஆறாம் தடவை இலவசம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஓட்டை. பஞ்சிங் மெஷினை இடுப்பிலேயே கட்டியிருக்கிறேன். வந்தவர் எல்லோருக்கும் முதல் ஓட்டை போட்டாகிவிட்டது.

நீ கேட்டாயே, தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தில் வேலை இருக்குமல்லவா? பல் டாக்டருக்கும் இது சீசனாக இருக்கும். பல் யாருக்கு எப்போது வலிக்கும் என்று யார் கண்டது.

நாளெல்லாம் உழைத்து மாமாவுக்கு நுரை தள்ளுகிறது. நான் சொல்வது வாயில்.

குளிரில் வெளியே போகாதே. குளிர் இல்லையென்றால் வெயிலில் போகாதே.

இப்படிக்கு,
கூட்டம் சேர்க்கும் கோமான்

*

ஆகஸ்ட் 5

வாலு,

நலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனைக் கொடுத்தபோது அத்தையிடம் பேசினேன். நீ எழுதியதெல்லாம் உண்மைதானாம். வாளி உட்பட. நுரை வாரம் முடிந்ததும் கொட்டகை வெறிச்சோடிவிட்டது என்பதும் உண்மையாம். அதை நீ எழுதவில்லை. உனக்கு வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லையடா, வேடிக்கையாளர்கள்.

ஃபர்னிச்சர் கடைக்காரர் டேப்போடு வந்து கொட்டகையை அளந்தாராம். அவர் கூட்டிவந்த ஆள் போதாமல், மாமாவே போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாராம். "கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றாராம் அவர். இவரும் தள்ளிப் பிடித்தாராம். அத்தை இதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

நீ அங்கேதானே இருந்தாய்?

அக்கா

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சரியாக இருக்கிறதா? இவ்வளவு நாள் நீ எழுதாமல் இருந்ததே இல்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, வார்டனிடம் திட்டு வாங்கியாகிவிட்டது. மூன்று ஞாயிறாகப் போனும் கிடைக்கவில்லை. எங்கள் மாடியில் யாரோ ஒளித்து வைத்துப் பேசியதற்கு எல்லோருக்கும் தண்டனை.

நான் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். வேடிக்கையாளர் என்ற சொல் நன்றாக அமைந்துவிட்டதே என்ற ஆசையில் எழுதியது. அதில் நானும் உனக்கு அக்காதான்.

நீ முயற்சியாவது செய்தாய். அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

ஒரு வரி போடு. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வெட்கம். கோபமாக இருந்தால் உடனே எழுதியிருப்பேன்.

டேப் பிடித்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் நான் அடித்த அட்டைதான். மிச்சம் நிறைய. மாமா டேப்பை விட்டுவிட்டு என் பக்கம் வந்து, "நல்லாத்தான்டா பண்ணினே, மாப்ளே" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து ஒலிபெருக்கியோடு போய் நாற்சந்தியில் நின்றேன். காலையில் பள்ளிக்கு முன், மாலையில் பள்ளிக்குப் பின். பேட்டரி தீர்ந்த பிறகு சும்மாவே கத்தினேன். ஒரு நாள் காலையில் எழுந்து, "அத்தை, காபி" என்றேன். "அ" மட்டும் வந்தது. அதுவும் காற்றாக.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "குரல்வளை நல்லா வீங்கியிருக்கு. ஒன்றரை மாசம் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார்.

அத்தை கேட்டார்: "அத ரெண்டு மாசமா எழுதிக் குடுங்களேன், டாக்டர்."

ஆகவே இப்போது கழுத்தில் சிலேட்டு தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள். விரட்ட ஆளில்லாததால் மாமாவும் பழையபடி நுரை அடித்துவிட்டு, "ஊறட்டும்" என்று டயர் கடைக்குப் போய்விடுகிறார். அவரைக் கூப்பிட எனக்குக் குரலும் இல்லை.

ஆனால் இதைக் கேள்! கார் வருகிறது அக்கா. திரும்பி வருகிறது! முதலில் இரட்டையர் அம்மா வந்தார். அடுத்த வாரமும் வந்தார். அப்புறம் தலைமையாசிரியை. நேற்று பல் டாக்டர், கூடவே இன்னொரு காரில் அவருடைய நண்பர் ஒரு வக்கீல். அப்படியென்றால் என்ன அர்த்தம்? நான் போட்ட விதை முளைக்கக் கொஞ்சம் நாள் எடுத்திருக்கிறது. அவ்வளவுதான்!

இப்படிக்கு,
ஊமை வெற்றி வீரன்

*

செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து படித்தோம். அத்தை டாக்டரிடம் கேட்டதை இந்த மாடி முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

இனி நர்சு பேசுகிறேன். கிசுகிசுவென்றும் பேசாதே, அது கத்துவதைவிடக் கெடுதல். வெதுவெதுப்பான தண்ணீர் குடி. ஆவி பிடி.

திரும்பி வருகிறார்கள் என்பதைப் படித்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்டா. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வருகிறவர்கள் கையில் உன் அட்டை இருக்கிறதா? இரண்டாவது ஓட்டை யாருக்காவது போட்டாயா?

முளைத்தது உன் விதைதானா என்று இலையைப் பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகம் அறிந்து மகிழ்ச்சி. மாமா சுகம். அத்தை சுகம், மறுபடி எல்லோரையும் திட்டுகிறார். கடையும் சுகம். முந்தாநாள் ஃபர்னிச்சர்காரர் மறுபடி டேப்போடு வந்தார். கொட்டகையில் கார் மேல் கார். டேப்பை நீட்ட இடமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் நடந்து பார்த்தார். மாமா, "வேற எடம் பாத்துக்குங்க. நான் எங்கயும் போறதா இல்ல" என்றார். அத்தை அன்று பாயசம் வைக்கவில்லை, ஆனால் மாமா இரண்டாம் தடவை டீ கேட்டபோது முறைக்காமல் கொடுத்தார். இந்த வீட்டில் அது பாயசத்துக்கும் மேல்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். நீ இலையைப் பார்க்கச் சொன்னாயே, பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த வாரம் பல் டாக்டரும் தலைமையாசிரியையும் அடுத்தடுத்து வந்தார்கள். வேறொரு கார் நனைந்துகொண்டிருந்தது, இருவரும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். நான் கால்மிதி தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது கேட்காதல்லவா, தாராளமாகப் பேசினார்கள்.

"பாத்தீங்களா? பையன் வாயத் திறக்கிறதே இல்ல."

"பாவம், என்ன ஆச்சோ."

"என்னங்க பாவம்? நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ளயே கிடக்கிறேன். இங்க வந்து கால்மணி நேரம் கண்ண மூடலாம்னா, இவன் வாய் வந்து கண்ணாடிய தட்டும். வேற கடைக்குப் போனா, அங்க மெஷினு. உக்காந்தோம்னு நினைக்கிறதுக்குள்ள வெளிய தள்ளிடுது."

தலைமையாசிரியை சொன்னார்: "ஸ்கூல்ல என் ரூமுக்குக் கதவு இருக்கு, தாழ்ப்பாள் கிடையாது. வீட்டுலயும் அப்படித்தான், யாராவது வந்துட்டே இருப்பாங்க. இந்த நுரைக்குள்ளதான் யாருக்கும் என்னத் தெரியாது. அன்னிக்கு நிம்மதியா கண்ண மூடித் திறக்கிறேன், எதிர்ல 'உள்ளேன் அம்மா'ன்னு எழுதியிருக்கு. நெஞ்சே நின்னுடுச்சு."

எனக்குக் கால்மிதியைச் சுற்றிக்கொண்டு ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது.

அன்று மாலை மாமாவின் பழைய காரில் உட்கார்ந்து, நுரை அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். முதலில் மேலே சடசடவென்று தண்ணீர். அப்புறம் முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை, பின்னால் வெள்ளை. தெரு போய்விட்டது. சத்தமெல்லாம் தூரத்தில் எங்கேயோ. நுரை மெதுவாக வழிகிறது, வெளிச்சம் பால் மாதிரி. என்னை யாரும் பார்க்கவில்லை, யாரையும் சிரிக்க வைக்க வேண்டிய வேலை இல்லை. எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை அக்கா. மாமா தண்ணீர் அடித்துக் கழுவியபோது, அதற்குள்ளாகவா என்று எரிச்சலாக வந்தது.

அவர்கள் ஏன் வருகிறார்கள் தெரியுமா என்று சிலேட்டில் எழுதி மாமாவிடம் நீட்டினேன். "என் கைராசி" என்றார். விளக்கி எழுதினேன். சிலேட்டின் இரண்டு பக்கமும் போதவில்லை. படித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் டீ குடிக்கப் போறதுதான் வியாபாரமா?" அடுத்த நொடி வீட்டுக்கு ஓடினார். "கேட்டியா? இத்தனை வருஷமா நான் சும்மா இருக்கல! தொழில் பண்ணிட்டு இருந்திருக்கேன்!"

நீ கேட்ட அட்டைக் கணக்கு: இரண்டாவது ஓட்டை ஒருவருக்கும் போடவில்லை. பஞ்சிங் மெஷினை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. தொண்டை டாக்டர், "இனி பேசலாம்" என்று சொல்லி ஒரு மாதம் ஆகப்போகிறது. வீட்டில் பேசுகிறேன். கடையில் ஒரே ஒரு தடவைதான் பேசினேன். பல் டாக்டர் கார் உள்ளே நுழையும்போது, பழக்க தோஷம், "வாங்க சார்!" என்றேன். அந்த மனுஷன் அப்படியே ரிவர்ஸ் கியர் போட்டார். மாமா பாய்ந்து வந்து கார் பின்னால் நின்று, "இருமல் சார், வெறும் இருமல்!" என்று கெஞ்சித்தான் நிறுத்தினார். அப்புறம் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், தோளில் கை போட்டுக்கொண்டு, "கோச்சுக்காத மாப்ளே. உனக்கு இன்னும் சரியாகலன்னே வெச்சுக்கலாமா?" என்றார்.

வைத்துக்கொண்டோம்.

ஆகவே, விளம்பர நிர்வாகி, நுரைக்கலைச் செம்மல், கூட்டம் சேர்க்கும் கோமான் ஆகிய நான் இந்தக் கடைக்காகச் செய்த ஒரே நல்ல காரியம், வாயை மூடிக்கொண்டதுதான். அதையும் நானாகச் செய்யவில்லை, வீங்கியதால் செய்தேன். ஊரிலிருந்து அப்பா கேட்டால் அட்டையால்தான் கூட்டம் என்று சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். என் தொண்டை பூரண நலம். அதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் தம்பி